ஒரு மணி நேரப் பொம்மலாட்டமும் 16 ஆள்வேலையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொம்மலாட்டத்தைப் பற்றியோ தோல்பாவைக் கூத்தைப் பற்றியோ பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் 1020ஆம் குறளில் தொடங்கி, 'பார்க்க ஆளில்லை' என்ற வருத்தத்தில் முடிகின்றன. மரப்பாவையை நாணால் ஆட்டுவதை வள்ளுவர் பார்த்திருக்கிறார் என்பதில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை பேர் வேண்டும், எத்தனை நாள் வேலை, எந்தப் பாகம் தேய்கிறது, கொடுக்கும் பணம் எங்கெங்கே போகிறது என்று யாரும் எழுதக் காணோம். பார்க்க ஆளில்லை என்பதும் சரியில்லை. பள்ளியில் ஆட்டம் வைத்துப் பாருங்கள், மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். கோளாறு அழைக்கும் முறையில்தான் இருக்கிறது. தவறான இடத்தில், தவறான நேரத்தில், பாதி ஆட்களுக்கான பணத்தில் ஆட்டம் நடக்கிறது. நன்றாக அமையாத ஆட்டத்தைப் பார்த்தவர் அடுத்த வருடம் கூப்பிடுவதில்லை. கோயில் கமிட்டிகளும் தலைமையாசிரியர்களும் விழாக் குழுவினரும் தெரிந்துகொள்வதற்காகச் சிலவற்றை எழுதுகிறோம். கடிதம் நீளம்தான், பொறுத்தருள்க.

முதலில், இது ஒரே தொழில் இல்லை. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் நடப்பது மரப்பாவை ஆட்டம். மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் நடப்பது தோல்பாவைக் கூத்து. அதை நடத்துபவர்கள் பெரும்பாலும் வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தார். கூத்தில் பேசுவதும் பாடுவதும் தமிழில். மரப்பாவைக்கு வெளிச்சம் முன்னாலிருந்து பொம்மைமேல் விழ வேண்டும். தோல்பாவைக்கு வெளிச்சம் பின்னாலிருந்து திரையில் விழ வேண்டும், பார்ப்பவர் பக்கம் இருட்டாக இருக்க வேண்டும். இது தெரியாமல் "ஒரு பொம்மை ஷோ வேணும், காலை 11 மணிக்கு, மைதானத்தில்" என்று தோல்பாவைக் குழுவைக் கூப்பிடுகிறார்கள். உச்சி வெயிலில் திரையாகக் கட்டிய வெள்ளை வேட்டியில் எந்த நிழல் தெரியும்? கூத்துக்காரர் போய், வகுப்பறை ஜன்னலில் எல்லாம் போர்வை கட்டி, 40 பிள்ளைகள் இருக்க வேண்டிய அறையில் 200 பேரை நெருக்கி உட்காரவைத்து, எதையோ காட்டிவிட்டு வருகிறார்.

மரப்பாவை என்றதும் எல்லாக் கயிறும் விரல்களில் இருப்பதாக வெளியார் நினைக்கிறார்கள். அது கட்புதலி என்னும் ராஜஸ்தான் கயிற்றுப் பொம்மையைப் பார்த்த நினைவு. நம் பக்கத்துப் பாணியில் பொம்மையைத் தாங்கும் கயிறுகள் ஆட்டுபவரின் தலையில் இருக்கும் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். வளையத்தில் துணி சுற்றி, கிரீடம் மாதிரி தலையில் மாட்டிக்கொள்வார். பொம்மையின் கைகளை இரண்டு கம்பிகள் இயக்கும். பெரிய பொம்மை நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் வரும். அந்த எடை முழுவதும் கழுத்தில்தான் இறங்குகிறது. கை இரண்டும் கம்பியில், கால் இரண்டும் சலங்கையோடு தாளத்தில். பொம்மையின் காலடியாகக் கேட்பது ஆட்டுபவரின் காலில் கட்டிய சலங்கைதான்.

தலையில் கட்டியிருப்பதால் ஒரு வசதி, ஒரு தொல்லை. ஆட்டுபவர் லேசாகத் தலையாட்டினால் பொம்மையும் தலையாட்டும். அந்த உயிர்ப்பு விரலால் ஆட்டும் பொம்மைக்கு அவ்வளவு எளிதில் வராது. ஆனால் பக்கத்தில் நிற்பவர் கூப்பிட்டார் என்று திரும்பினால் சீதையும் திரும்பிவிடுவாள். தும்மினால் சீதைக்கும் தும்மல். ஆட்டுபவர் கண்ணை மட்டும் தாழ்த்தித்தான் பொம்மையைப் பார்க்க முடியும். கழுத்தைக் குனிந்தால் பொம்மை தரையில் சரியும். கழுத்தும் தோளும் இடுப்பும் 40 வயதுக்குள் பேச ஆரம்பிப்பது இதனால்தான். பெரிய பொம்மையை ஒரே ஆள் தொடர்ந்து 20 நிமிடத்துக்குமேல் தாங்கக் கூடாது. அதற்காகவே காட்சிகளை மாற்றி மாற்றி அமைத்து, நாலு ஆட்டுபவர்களுக்கு முறை வைக்கிறார்கள். செலவு குறைய வேண்டும் என்று "ரெண்டு பேர் போதாதா?" என்று கேட்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

கயிற்றின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். பொம்மையின் பாதம் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி, ஆட்டுபவரின் உயரத்துக்கு ஏற்பக் கட்டியிருப்பார்கள். கட்டியவரைவிட இரண்டு அங்குலம் உயரமானவர் எடுத்து ஆடினால் பொம்மை அந்தரத்தில் மிதக்கும். குட்டையானவர் எடுத்தால் முட்டி மடங்கி நொண்டும். மேடைப் பலகை சமமாக இல்லாவிட்டாலும் இதே கதிதான். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வேறு ஒருவரை உடனே நிறுத்திவிட முடியாது. கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்து அளவெடுத்துக் கட்ட ஒரு பொம்மைக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். கறுப்புப் பருத்திக் கயிறு கறுப்புப் படுதா முன்னால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஈரக்காற்றில் அதன் நீளம் மாறும். நைலானோ விளக்கில் பளபளக்கும், முடிச்சு வழுக்கும். மழைக்காலத்தில் ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பொம்மையையும் தொங்கவிட்டுப் பாதம் பார்க்காமல் மேடை ஏற்றுவதில்லை.

செய்யும் வேலைக்கு வருவோம். கல்யாண முருங்கையும் அத்தியும் எடை குறைந்த மரங்கள், உளி எளிதாக இறங்கும். வெட்டிய கட்டையை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டாலோ, ஈரத்தோடு செதுக்கி வண்ணம் அடித்தாலோ, சில மாதங்களில் மூக்கின் ஓரமாகவோ காது அடியிலோ வெடிப்பு ஓடும். தலை, மார்பு, இடுப்பு, மேல்கை, முன்கை, உள்ளங்கை, தொடை, கணுக்கால் என்று தனித்தனியாகச் செதுக்கி மூட்டுகளில் இணைக்கிறார்கள். மூட்டு இறுக்கமாக இருந்தால் கை கட்டை மாதிரி நிற்கும். தளர்ந்தால் முழங்கை பின்பக்கமாக மடங்கும். அதற்குத் தடை வைத்துச் செதுக்குவதில்தான் செய்பவரின் திறமை இருக்கிறது. தலையில் துணி ஒட்டிச் சுண்ணப்பொடிச் சாந்து பூசி, தேய்த்து, வண்ணம் ஏற்றுவார்கள். பளபளப்பான எனாமல் வீட்டில் பார்க்க அழகாக இருக்கும், மேடை விளக்கில் முகம் வெறும் வெளிச்சத் திட்டாகிவிடும். கண்ணையும் புருவத்தையும் வீட்டில் மிகையாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக எழுதினால்தான் 30 அடி தள்ளி உட்கார்ந்தவருக்குச் சரியாகத் தெரியும்.

தோல்பாவைக்கு வேண்டியது பதனிடாத ஆட்டுத்தோல். பதனிட்ட தோல் வெளிச்சத்தை விடாது, கறுப்பு நிழல்தான் விழும். பச்சைத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து முடியையும் கொழுப்பையும் சுரண்டி, நாலாபக்கமும் இழுத்து ஆணி அடித்துக் காயவைக்க வேண்டும். கொழுப்பு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அந்த இடத்தில் வண்ணம் பிடிக்காது, பூச்சியும் அங்கேதான் முதலில் வரும். காய்ந்த தோலில் ஊசியால் கோடு கீறி, வெட்டி, நகைக்கும் உடைக்கும் உளியால் துளையிடுவார்கள். திரையில் வெள்ளைப் புள்ளிகளாக மின்னுபவை அந்தத் துளைகள்தான். துளைகளை நெருக்கிப் போட்டால் ஆட்டும்போது இடைத்தோல் அறுந்து, ஆரம் முழுக்க ஒரே ஓட்டையாகிவிடும். வண்ணத்தை இரண்டு பக்கமும் ஏற்ற வேண்டும். மூங்கிலைப் பிளந்து நடுவில் கொடுத்துக் கட்டி, அசையும் கைக்குத் தனிக் குச்சி வைத்தால் பாவை தயார். ஒரு ராமருக்கு ஒரு பாவை போதாது. அரண்மனை ராமர் வேறு, வனவாச ராமர் வேறு, போர்க்கோலம் வேறு. ராமாயணத்தைப் பத்து இரவு நடத்துகிறவரின் பெட்டி அதனால்தான் அவ்வளவு கனக்கிறது.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய ஆட்டங்கள் இங்கேதான் கெடுகின்றன. எண்ணெய் விளக்கு போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது, அது போய்க் குண்டு பல்பு வந்தது. குண்டு பல்பின் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒரு புள்ளியிலிருந்து வருவதால் நிழலின் ஓரம் கூர்மையாக விழும், மஞ்சள் கலந்த வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் எரியும். இப்போது பந்தல்காரர்கள் எல்.இ.டி. பேனலைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதில் பல புள்ளிகளிலிருந்து வெளிச்சம் வருகிறது. திரையிலிருந்து அரை அடி விலகினாலே பாவைக்கு மூன்று நான்கு ஓரம் தெரிகிறது. நீலம் கலந்த வெள்ளையில் அனுமாரின் சிவப்பு, காய்ந்த செங்கல் நிறமாகிவிடுகிறது. எல்.இ.டி.தான் வேண்டுமென்றால் ஒற்றை முத்து உள்ள, மஞ்சள் சாயல் பல்பாக வாங்கித் திரைக்கு மூன்று அடி பின்னால், ஆட்டுபவரின் தலைக்கு மேலே தொங்கவிடலாம். ஹாலஜன் வேண்டவே வேண்டாம். பச்சைத்தோல் சூட்டில் சுருங்கும். ஒருமுறை சுருண்ட பாவையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. திரை எட்டடிக்கு ஐந்தடி இருந்தால் ஒருவர் ஆட்டப் போதும். அதைச் சுருக்கமின்றி நாலு மூலையும் இழுத்துக் கட்ட வேண்டும். பக்கத்தில் மின்விசிறி ஓடினால் திரை ஊதி, ராவணன் வயிறு பெருத்துச் சிறுக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள்தான், ஆனால் அது கூத்துக்காரர் வைத்த சிரிப்பில்லை.

மழை மாதங்கள் தோலுக்கு எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் தோல் ஈரத்தை இழுத்துத் துவண்டுவிடும், பெட்டியைத் திறந்தால் பூஞ்சை வாடை அடிக்கும். பாவைகளைத் தட்டையாக அடுக்கி, இடையிடையே துணி போட்டு, மேலே பலகை வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும். வெயில் வந்ததும் நிழலில் காற்றாட விரிக்க வேண்டும். வேப்பிலை போடும் பழக்கம் இருக்கிறது. பெட்டியை மாதம் ஒருமுறையாவது திறந்து பார்க்காவிட்டால் வேப்பிலையால் மட்டும் பயன் இல்லை.

இந்த வேலையைக் கற்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. தோல்பாவையில் முதலில் பெட்டிப் பக்கம்தான் உட்காரவைப்பார்கள். இன்றைக்கு என்ன கதை, எந்தப் பாவை எப்போது வரும் என்று தெரிந்து, வரிசைப்படி எடுத்துக் கொடுத்து, ஆடி முடிந்ததை வாங்கி வைக்க வேண்டும். அதைச் செய்துசெய்தே கதை மனப்பாடமாகிவிடும். அடுத்து ஜால்ரா, மிருதங்கம், ஆர்மோனியம். பிறகு உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள். கோமாளிக்கு வசனம் தப்பினாலும் சமாளிக்கலாம், அதனால்தான் அந்தப் பாவையில் ஆரம்பம். கடைசியில்தான் ராமரும் ராவணனும். தலைவர் ஒருவரே எல்லாப் பாத்திரத்துக்கும் பேசிப் பாடி, பாவையையும் ஆட்டுகிறார். ராவணனுக்கு அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டு உடனே சீதைக்குக் குரல் மெலிவிப்பதைப் போலத் தொண்டையைக் கெடுப்பது வேறில்லை. அதனால்தான் இரண்டுக்கும் நடுவே ஒரு பாட்டோ, கோமாளியோ, வெறும் மிருதங்கமோ வைத்திருப்பார்கள். நேரத்தைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவது இந்த இடைவெளிதான். ஐந்து வருடம் அப்படி ஆடியவரின் குரல் கரகரத்துவிடுகிறது. மைக் வந்த பிறகு கத்த வேண்டிய தேவை குறைந்திருக்கிறது, ஆனால் மைக் மட்டமாக இருந்தால் கத்துவதைத் தவிர வழியில்லை.

மரப்பாவையில் கற்பவர் முதலில் பொம்மை இல்லாமல் வெறும் வளையத்தோடு தாளத்துக்கு நடக்கப் பழக வேண்டும். பிறகு சின்னப் பொம்மை. புதிதாக வருபவரிடம் காணும் தவறுகள் எப்போதும் இரண்டு. ஒன்று, பொம்மையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. பேசும் பொம்மைதான் அசைய வேண்டும். மற்றவை அடங்கி நிற்காவிட்டால் யார் பேசுகிறார்கள் என்று பார்ப்பவருக்குப் புரியாது. கனத்தோடு அசையாமல் நிற்பது ஆடுவதைவிடக் கடினம். இரண்டு, நடை. பாட்டின் தாளத்துக்குக் கால் போடாமல் பொம்மையை இழுத்துக்கொண்டு போவார்கள், அது வழுக்கிச் செல்வதுபோல் இருக்கும். இரண்டும் சரியாக வர மூன்று நான்கு வருடம் ஆகிவிடும். ஜப்பானின் மரபான புன்ராக்கு பொம்மலாட்டத்தில் ஒரு பொம்மையை மூன்று பேர் சேர்ந்து ஆட்டுகிறார்கள். தலைமை ஆட்டுபவர் தலையையும் வலக்கையையும், இன்னொருவர் இடக்கையையும், மூன்றாமவர் கால்களையும் இயக்குகிறார். காலுக்குப் பத்து வருடம், இடக்கைக்குப் பத்து வருடம் என்பது அங்கே வழக்குமொழி. அத்தனை வருடமும் கற்பவருக்குச் சாப்பாடு யார் போடுவது என்ற கேள்விக்கு அவர்கள் விடை கண்டிருக்கிறார்கள். அங்கே தேசிய நாடக அரங்கு 1972 முதல் வெளிக் குடும்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்துப் பயிற்சி தருகிறது. பிரான்சில் ஷார்ல்வில்-மெசியேர் நகரில் பொம்மலாட்டத்துக்கென்றே ஓர் உயர்கல்விக் கூடம் 1987 முதல் இருக்கிறது. நம் ஊரில் மாமன், சித்தப்பன் வீட்டுத் திண்ணைதான் கல்லூரி. திண்ணை நல்ல கல்லூரிதான், ஆனால் அது உதவித்தொகை தராது.

இனி பணம். வெளியூர் மரப்பாவை ஆட்டம் ஒன்றுக்குக் குறைந்தது எட்டுப் பேர் தேவை: நாலு ஆட்டுபவர், ஜால்ராவோடு பாடுகிறவர், ஆர்மோனியம், மிருதங்கம், விளக்குக்கும் படுதாவுக்கும் ஒருவர். முதல் நாள் அரை நாள் கயிறு, மூட்டு, உடுப்பு பார்த்துப் பெட்டி கட்டும் வேலை. ஆட்ட நாள் முழுவதும் பயணம், மேடை கட்டுதல், ஆட்டம், பிரித்தல், திரும்புதல். மறுநாள் அரை நாள் வியர்வையும் தூசியும் ஏறிய உடுப்பை உலர்த்தி, உடைந்ததைச் சரிசெய்து அடுக்க வேண்டும். ஆக, ஆளுக்கு இரண்டு நாள், எட்டுப் பேருக்கு 16 ஆள்வேலை. 'ஒரு மணி நேர புரோகிராம்தானே' என்று பேரம் பேசும்போது அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் கண்ணில் படுகிறது. உங்கள் ஊரில் கொத்தனாருக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி என்று பாருங்கள், அதை 16-ஆல் பெருக்குங்கள். அதோடு வேன் வாடகையைக் கூட்டுங்கள், பொம்மைத் தேய்மானத்துக்கும் ஒரு தொகையைச் சேருங்கள். கலைக்கென்று தனியாக ஒன்றும் போடாமலேயே வருகிற தொகை அது. அதற்குக் கீழே யாராவது ஒப்புக்கொண்டால், ஆட்களைக் குறைக்கப்போகிறார் அல்லது பாட்டைப் பதிவில் ஓட்டப்போகிறார் என்று பொருள்.

பதிவுப் பாட்டை நாங்கள் கண்மூடித்தனமாகப் பழிக்கவில்லை. மூன்று ஆட்களின் கூலியும் பயணமும் மிச்சமாகிறது, வேறு வழியில்லாதபோது அதுதான் கைகொடுக்கிறது. ஆனால் பதிவு நிற்காது. நேரடிப் பாட்டில் கயிறு சிக்கினால் பாடுகிறவர் அந்த வரியையே இன்னும் இரண்டு சுற்று பாடுவார், மிருதங்கம் ஒரு தனி வாசிக்கும், பின்னால் சிக்கல் எடுத்துவிடுவார்கள். முன்னால் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. பதிவு ஓடும்போது சிக்கினால் வள்ளி வாய் திறக்காமல் நிற்க, பாட்டு மட்டும் போய்க்கொண்டிருக்கும். பதிவில் ஆடுகிறவர்கள் முக்கியப் பாத்திரத்துக்கு இரட்டைப் பொம்மை கட்டித் தொங்கவிட்டிருக்க வேண்டும், காட்சிக்குக் காட்சி தனித்தனித் துண்டாகப் பாட்டைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். முழு ஆட்டத்தையும் ஒரே துண்டாக வைத்திருப்பது வம்பு.

வருடக் கணக்கைப் பார்த்தால் மாசியிலிருந்து ஆடி வரை கோயில் ஆட்டங்கள், மழை முடிந்ததும் பள்ளி ஆண்டுவிழாக்கள், நவம்பர் 14, மார்ச் 21 உலகப் பொம்மலாட்ட நாள் என்று சில தேதிகள். இடையே வெற்று மாதங்கள். அந்த மாதங்களில்தான் புதுப் பொம்மை செதுக்க வேண்டும், கையில் காசு இருக்காததும் அந்த மாதங்களில்தான். அதனால் பொம்மை செய்து விற்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்துவது என்று வேறு வேலைகளும் இந்தத் தொழிலின் அங்கமாகிவிட்டன. பட்டறையைக் குறைவாக நினைக்க வேண்டாம். 30 ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் கையுறைப் பொம்மை கற்றுக்கொடுப்பதற்கு ஓர் ஆள், ஒரு உதவியாள் போதும். வேன் வேண்டாம், மேடை வேண்டாம். பல குடும்பங்களில் அடுப்பு எரிவதற்கு இதுவே காரணம்.

அரசுத் துறைகளின் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் இன்னொரு வருமானம். டெங்கு, சாலைப் பாதுகாப்பு, கழிப்பறை, வாக்குரிமை எல்லாவற்றையும் பொம்மைகள் பேசியிருக்கின்றன. இதில் குறை, வசனம் அலுவலகத்திலிருந்து வருவதுதான். நாலு பக்கத்துக்குப் புள்ளிவிவரம் எழுதிக் கொடுத்து அப்படியே பேசச் சொல்கிறார்கள். பொம்மை நின்றுகொண்டு படித்தால் யார் பார்ப்பார்? ஆட்டத்துக்கு வேண்டியது ஒரே செய்தி. தேங்கிய தண்ணீரைக் கொட்டு என்பது செய்தி என்றால், கொசு கோமாளியைத் துரத்தட்டும், கோமாளி குடத்தைக் கவிழ்க்கட்டும், ஏழு நிமிடத்தில் பிள்ளைகள் மறக்காமல் கொண்டுபோவார்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் துறை எழுதிக் கொடுத்து, எப்படி என்பதைக் கூத்துக்காரரிடம் விட்டுவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது. பில் பாஸாக ஆகும் மாதங்களைப் பற்றித் தனியாக எழுதினால் இன்னொரு கடிதம் ஆகிவிடும்.

விருதுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்மஸ்ரீ 2020இல் ஆந்திரத் தோல்பாவைக் கலைஞர் தளவாய் சலபதி ராவுக்கும், மேலுதட்டில் குச்சியை நிறுத்திப் பொம்மை ஆட்டும் கேரளத்தின் நோக்குவித்தைப் பாவைக்களிக் கலைஞர் மூழிக்கல் பங்கஜாட்சிக்கும், 2021இல் கம்பராமாயணத்தைப் பாவையில் ஆடும் கேரளத்தின் ராமச்சந்திர புலவருக்கும், 2025இல் கர்நாடகத் தோல்பாவைக் கலைஞர் பீமவ்வாவுக்கும் கிடைத்தது. உரியவர்களுக்கே கிடைத்தது, மகிழ்ச்சி. பெரும்பாலும் வாழ்நாள் முடியும் தறுவாயில் கிடைத்தது. இந்தத் தொழிலை விட்டு ஆட்கள் போவதோ 22 வயதிலிருந்து 30 வயதுக்குள், கல்யாணமாகிக் குழந்தை பிறக்கும் சமயத்தில். உதவி அந்த வயதில் வந்தால்தான் அடுத்த தலைமுறை நிற்கும். 18 முதல் 25 வயதுள்ள கலைஞர்களுக்கு மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் உதவித்தொகை இரண்டு வருடத்துக்கு உண்டு, பாவைக்கூத்துக்கும் விண்ணப்பிக்கலாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்து அட்டையைக் காலத்தில் புதுப்பித்து வைத்திருப்பதும் முக்கியம். தலைவர் பெயரில் மட்டும் பதிவு வைத்துக்கொண்டு, மிருதங்கம் வாசிப்பவரையும் பெட்டிப் பையனையும் விட்டுவிடும் குழுக்கள் இருக்கின்றன. இது எங்கள் பக்கத்துக் குறை, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கேரளத்தில் பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக் கூத்துக்கென்றே கூத்துமாடம் என்று நிரந்தரக் கட்டடம் இருக்கிறது. 42 அடி நீளத் திரைக்குப் பின்னால் 21 விளக்கு வரிசையாக எரியும். ஒவ்வொரு கோயிலுக்கும் நாள் குறித்தது. மேடை கட்டும் செலவு இல்லை, தேதி நிச்சயம். நம் ஊரில் எல்லாக் கோயிலிலும் மாடம் கட்டச் சொல்லவில்லை. ஆனால் வருடா வருடம் திருவிழாவின் இந்த நாள் பாவை ஆட்டம் என்று ஒரு தேதியைக் கமிட்டி எழுதி வைத்தால், அதை நம்பி ஒரு குழு பையனைத் தொழிலில் வைத்துக்கொள்ளும். தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையமும் மாநிலக் கலை பண்பாட்டுத் துறையும் ஆள்வேலைக் கணக்கில் ஒரு குறைந்தபட்சத் தொகையை அறிவித்தால், பேரம் பேசுவதில் பாதி குறையும்.

அழைக்கிறவர்களுக்கு, தொலைபேசியிலேயே பேசி முடிக்க வேண்டியவை. மரப்பாவைக்கு மேடை 20 அடி அகலம், 15 அடி ஆழம், சமமான பலகை. கட்டுவதற்கு ஆட்டத்துக்கு முன் மூன்று மணி நேரம் மேடையை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. பேச்சுப் போட்டியும் பரிசளிப்பும் நடக்கும் மேடையிலேயே இடையில் பொம்மை கட்ட முடியாது. தோல்பாவைக்கு மாலை இருட்டிய பிறகு, அல்லது முழுக்க இருட்டாக்கக்கூடிய கூடம். பாவை இரண்டடி உயரம்தான், அதனால் 30 அடிக்குள் உட்காரவைக்கும் அளவுக்குத்தான் கூட்டம். அதிகம் என்றால் இரண்டு ஆட்டம் வையுங்கள். வீடியோ எடுப்பவரின் விளக்கு எரியக் கூடாது. நேரம் 45 நிமிடத்துக்குக் குறையாமல். தொடக்கத்தில் வரும் விநாயகர் பூஜையையும் கோமாளியையும் வெட்டச் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில்தான் கூட்டம் அடங்குகிறது, மைக்கின் அளவு தெரிகிறது, ஆட்டுபவரின் கழுத்தும் சூடேறுகிறது. சிறப்பு விருந்தினர் தாமதமானால் பொம்மைகளைத் தலையில் மாட்டியபடி காத்திருக்கச் சொல்லாதீர்கள். பொன்னாடைகள் எல்லாம் போர்த்தி முடிந்த பிறகு பத்து நிமிடம் கொடுத்தால் போதும், தொடங்கிவிடுவார்கள். பேசிய தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள், பெட்டி கட்டும்போதே செலவு ஆரம்பமாகிறது. மீதியை ஆட்டம் முடிந்த அன்றிரவே கொடுங்கள். வேன் ஓட்டுபவர் மறுநாள் வரை காத்திருக்க மாட்டார்.

இப்படிக்கு,
பாவைக்கூத்துத் தொழிலில் உள்ளோர் சிலர்